கடைசியாக வருபவர் கலைக்க வேண்டும்

என் தங்கையின் கணவர் மெத்தை விற்பவர். கடைக்குள் வருகிறவர்களை அவர் முதலில் விலை கேட்க விடமாட்டார். "செருப்பைக் கழட்ட வேண்டாம் சார், கண்ணை மட்டும் மூடுங்க" என்று படுக்க வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்தில் நிற்பார். எழுந்தவர்கள் பெரும்பாலும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். ஊரையெல்லாம் பஞ்சில் படுக்க வைத்த அந்த மனிதர், ஞாயிறுதோறும் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு மலைக்காட்டுக்குப் போய், வெறும் பாறையில் துண்டை விரித்துக் குறட்டை விடுவார்.

"உங்க சரக்கு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா மாப்பிள்ளை?" என்று கேட்பேன்.

"இது எந்தக் கம்பெனியும் செய்யாத சரக்கு மச்சான். சந்தேகம்னா நீங்க பிள்ளைங்களுக்கு எழுதற கதையில வர்ற நரியைக் கேளுங்க."

காட்டில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. பாதை பிரியும் இடங்களில் தட்டைக் கற்களை அடுக்கி அடையாளம் வைப்பார். திரும்பும்போது கடைசியாக வருபவர் அவற்றைக் கலைத்துவிட வேண்டும். "விருந்தாளியா வந்தோம்; பாயைச் சுருட்டி வெச்சுட்டுப் போகணும்" என்பார். நடை பழகிய நாளிலிருந்தே அந்தக் கடைசி ஆள் மகள்தான்.

சென்ற கோடையில் அவர் தனியாகப் போய்ப் புதிய சுனை ஒன்றைக் கண்டுபிடித்தார். அடுத்த ஞாயிறு இருவரையும் அழைத்துப் போக வேண்டும் என்று, வழியில் அடுக்கிய கற்களைக் கலைக்காமல் வந்தார். வியாழக்கிழமை மதியம், கடையில் ஒரு தம்பதியிடம் பேசிக்கொண்டிருந்தவர் தாமே கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடினார். மெத்தையின் அருமையைக் காட்டுகிறார் என்றெண்ணி, அவர்கள் சிரித்தபடி காத்திருந்தார்களாம்.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் போய் ஓய்ந்த பிறகு தங்கை சொன்னாள்: "அண்ணா, அந்தக் கல்லெல்லாம் இன்னும் அங்கேயே நிக்கும். அவர் கையால வெச்சது வெச்சபடி இருக்கிறது அது ஒண்ணுதான். நான் பார்க்கணும். வழி தெரிஞ்சுட்டா வருஷா வருஷம் போயிட்டு வருவேன்."

சில மாதம் கழித்துத் தங்கை, அவள் பெண், நான் மூவரும் போனோம். முதல் அடுக்கைக் கண்டதும் பெண் கத்தினாள்: "அம்மா, இங்க பாரு! உச்சியில குண்டுக் கல்லு. அப்பா வேலைதான்!" அதன்பின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவரே நின்று எங்களைக் கூப்பிடுவது போலிருந்தது. சுனை ஓர் அண்டா அளவுதான். தங்கை அதில் கை நனைத்து, "இதுக்கா இத்தனை விளம்பரம் பண்ணீங்க?" என்று பாறையைப் பார்த்துக் கேட்டாள். மாதக்கணக்கில் சிரிக்காதவள் அன்றுதான் சிரித்தாள்.

இறங்கும்போது அவள் முன்னால், நான் நடுவில், பெண் பின்னால். என் கால் வைக்கும் இடத்தைப் பார்ப்பதற்கே எனக்குச் சரியாக இருந்தது. அடிவாரத்தில் தங்கை, "அந்த முதல் அடுக்கை இன்னொரு தரம் பார்த்துக்கறேன்" என்று திரும்பினாள்.

பெண் அதன்முன் குந்தியிருந்தாள். உச்சிக் கல் அவள் கையில் இருந்தது.

"என்னடி பண்றே?"

"கடைசியா நான்தானேம்மா வரேன்..." சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா... மேலேருந்து எல்லாத்தையும் கலைச்சுட்டேம்மா. கை பாட்டுக்கு... நான் மறுபடி வெக்கிறேன். எந்தக் கல்லுன்னு எனக்குத் தெரியும்."

"வேணாம். நீ வெச்சா அது நீ வெச்சதுதான்."

எனக்குத் தெரிந்த கதைகளில் இத்தகைய வேளையில் ஆமையோ காகமோ வந்து ஏதாவது சொல்லும். அன்று ஒன்றும் வாய் திறக்கவில்லை.

தங்கை மகளருகே உட்கார்ந்தாள். மீதமிருந்த இரண்டு கற்களின்மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். "நல்லாத்தான் பழக்கியிருக்கார்" என்றாள். மேல் கல்லைத் தானே எடுத்துப் புல்லில் வைத்தாள். அடுத்ததை எடுக்க அவளால் முடியவில்லை. மகள் கை கொடுத்துத் தூக்கினாள்.

கல் இருந்த இடத்தில் புல் வெளுத்துக் கிடந்தது. தங்கை அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தையும் பேசாமல் நாங்கள் பக்கத்தில் நின்றோம்.