முகமூடிக்குக் காய்ச்சிய பசை

பிள்ளைகள் கிளம்பிப் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வில்லாபுரத்துக் கிளை நூலகத்தின் ஜன்னல் கம்பியில் காகித முகமூடிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. புலி என்று செய்தது பூனையாகவும் ராஜா என்று செய்தது போலீஸ்காரராகவும் வந்திருந்தாலும், நூலகர் பத்மாசினிக்கு அத்தனையும் அழகாகத்தான் தெரிந்தன. கோடை முகாம் என்றால் யாராவது பெரிய மனிதர் வந்து ஒரு மணி நேரம் உபதேசம் செய்வதும் பிள்ளைகள் கொட்டாவி விடுவதும்தான் வழக்கம். இந்த மே மாதம் எல்லாம் கைவேலைதான் என்று அடம்பிடித்து ஆரம்பித்தவள் அவள்.

பைண்டர் முத்துப்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்ட மாதம் இரண்டு தடவை வருகிறவர். காலையில் பசை காய்ச்சிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.

"மிச்சப் பசை இருக்கா மேடம்? அகராதிக்கு அட்டை போட்டுர்றேன்."

"சட்டியில இருக்குண்ணே. வெயிலுக்குப் புளிச்சிருக்கப் போகுது."

"என் பசை எங்க புளிக்கும்? துத்தம் போட்டுல்ல காய்ச்சிருக்கேன். பூச்சி, எலி ஒண்ணும் கிட்ட வராது."

பத்மாசினி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"மயில்துத்தமா? அந்த நீல விஷமா?"

"எப்பவும் போடுறதுதானே மேடம்."

அவர் மேல் என்ன தப்பு? இரண்டு சட்டி பசை வேண்டும் என்று மட்டும்தான் அவள் சொல்லியிருந்தாள். பிள்ளைகளுக்கு என்று சொல்லவில்லை. நூலகத்தில் பசை கேட்டால் புத்தகத்துக்குத்தான் என்று முப்பது வருஷமாக இருந்த மனிதர் அவர். காலையில் பசையில் லேசாக நீலம் ஓடியிருந்ததை அவளும் பார்த்தாள்தான். எந்த வாண்டோ கலர் பிரஷ்ஷை முக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். பார்த்தும் கேட்காமல் விட்டது அவள்தான்.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. பேச்சி.

ஏழு வயதுக்கு மேல்தான் முகாம். ஆனால் அஸ்வினி என்ற எட்டு வயதுப் பெண் தினமும் நாலு வயதுத் தங்கச்சி பேச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். போகச் சொல்ல மனசு வராமல் பத்மாசினியும் உட்கார வைத்துவிட்டாள். பதினொரு மணி வாக்கில் அஸ்வினி எழுந்து நின்று, "மிஸ், இவ பசையைத் திங்கிறா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பத்மாசினியும் சிரித்தாள். "வெறும் மைதா மாவுதான், சாப்பிட்டா ஒண்ணும் செய்யாது" என்றாள். பெரியவர்களே சொல்லியாகிவிட்டது என்று பேச்சி மறுபடி சட்டிக்குள் விரலை விட்டது.

பதிவேட்டில் இருந்த அஸ்வினி அம்மாவின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டாள். அதே பதில்.

"வண்டிய எடுங்கண்ணே" என்றாள். முத்துப்பாண்டிக்கு விஷயம் புரிந்ததும் முகம் செத்துவிட்டது. மொபெட்டை மிதித்துக் கிளப்பினார்.

பின்னால் உட்கார்ந்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பத்மாசினி தட்டினாள்: இன்றைய பசையில் மருந்து கலந்துவிட்டது, பிள்ளைகள் வாயில் வைத்திருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். அனுப்பும் முன் விரல் ஒரு நொடி நின்றது. இதோடு முகாம் முடிந்தது, வேலையும் போகலாம். அனுப்பினாள். "இல்ல மேடம்", "கைல மட்டும்தான்", "கழுவிட்டான்" என்று பதில்கள் வர வர, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. அஸ்வினி அம்மாவின் பதில் மட்டும் வரவில்லை. பத்மாசினி தன் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் என்னென்னவோ வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "சின்னது வாந்தி எடுத்துக்கிட்டே இருந்துச்சு, வெயில் கொதிப்புன்னு மெடிக்கலுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கா" என்றாள்.

தெருமுனை மெடிக்கலில் அஸ்வினியின் அம்மா மீனா நின்றிருந்தாள். தோளில் பேச்சி துவண்டு கிடந்தது. கையில் குளுக்கோஸ் பொட்டலம். அவள் ரவிக்கைத் தோளில் வாந்திக் கறை இருந்தது. அது நீலம் கலந்த பச்சையாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும், வாங்க" என்று மட்டும் சொல்லி ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன சாப்பிட்டது என்று கேட்டார். பத்மாசினி முந்திக்கொண்டாள். "மைதாப் பசை. அதுல மயில்துத்தம் இருந்திருக்கு. தவறுதலா வாயில போயிருச்சு." எவ்வளவு என்று கேட்டதற்கு நாலைந்து விரல் அளவு என்றாள். பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரம். பத்மாசினி உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "வாந்தியிலேயே பெரும்பாலும் போயிருச்சு. நாளைக் காலை வரைக்கும் வச்சுப் பார்ப்போம். என்ன பொருள்னு உடனே சொன்னது நல்லதாப் போச்சு."

மீனா பத்மாசினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "தேடி ஓடி வந்தீங்களே மிஸ். பெத்தவ நானே வெயிலுன்னு நெனச்சேன். நீங்க நல்லா இருக்கணும்." பத்மாசினிக்கு அந்தக் கைகளை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

கையில் ஊசிக்குழாயோடு பேச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தது. உயிர் வந்ததும் மீனாவுக்குக் கோபமும் வந்தது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "கண்டதையும் வாயில வைக்காதன்னு எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன்? திம்பியா? இனிமே திம்பியா?" என்று கையை ஓங்கினாள்.

பேச்சி அழவில்லை. பத்மாசினியைப் பார்த்தது. நீங்கதான சொன்னீங்க என்று கேட்கக்கூடத் தெரியாத வயது. அவள் சொல்வாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தது.

தவறுதலா என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்தான். யாரும் கேட்கப் போவதில்லை.

"அடிக்காதீங்க" என்றாள் பத்மாசினி. "அவ கேக்காமத் திங்கல. நான்தான் சிரிச்சுக்கிட்டே சாப்பிடலாம்னு சொன்னேன். என்ன கலந்திருக்குன்னு நான் பாக்கல."

ஓங்கிய கை மெதுவாகக் கீழே இறங்கியது. பேச்சி, "மிஸ், என் முகமூடி காஞ்சிருச்சா?" என்று கேட்டு அவளிடம் வரக் கையை நீட்டியது. மீனா குழாய் சிக்காமல் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றி, பத்மாசினிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.