அட்டை மூலையில் ஒரு சிலுவை

"வூட்ல எல்லாத்தையும் சொல்றா மிஸ். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாகூட சொல்லுவா."

"அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கறா?"

மரிய சுகந்தி யூகேஜி வகுப்பின் குட்டைப் பெஞ்சில், முழங்கால்கள் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள் ரோஸி, ஷூவின் நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளை வேன் எப்போதோ ஏற்றிக்கொண்டு வில்லியனூரைத் தாண்டிப் போயிருக்கும்.

எதிரே விஜயகுமாரி மிஸ். மேசைமேல் பிரித்த வாசனை போகாத புதிய அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கிலச் சொல். எழுத்துக்கூட்டிப் படிக்காமல், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட வேண்டிய சொற்கள் அவை. எந்தக் கதைப் புத்தகத்தைத் திறந்தாலும் வரிக்கு வரி அவைதான் வந்து நிற்குமாம். அவை பழகிவிட்டால்தான் ஒண்ணாங்கிளாஸ். இல்லையென்றால் இன்னொரு வருடம் இதே பெஞ்சு, இதே குட்டி நாற்காலி. யார் யார் மேலே போகிறார்கள் என்று மிஸ் இன்று சாயங்காலமே பள்ளியை நடத்தும் பெரிய சிஸ்டரிடம் சொல்லியாக வேண்டும்.

மிஸ் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். ரோஸி அட்டையின் ஒரு மூலையைப் பார்த்தாள். அடுத்த மூலையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

பள்ளி திறந்த புதிதில் இதே அட்டைகளில் ஒரு கட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பியபோது மிஸ் ஒன்றே ஒன்றுதான் கண்டித்துச் சொல்லியிருந்தார். அட்டையில் தமிழில் எதையும் எழுதி வைக்கக் கூடாது, எழுதினால் பிள்ளை அதைத்தான் படிக்கும், இங்கிலீஷைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மரிய சுகந்தி அதைச் சர்ச் பூசையில் சாமியார் சொன்ன வார்த்தைபோல எடுத்துக்கொண்டாள். ஆனால் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். இங்கிலீஷ் எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். தெருவில் ஒவ்வொருவராகப் பழகிய ஆட்கள் தேர்க்கூட்டத்தில் அடையாளம் தெரியாமல் போவார்களே, அப்படித்தான் நாலைந்து எழுத்து சேர்ந்து வந்தால் அவளுக்கு ஆகிவிடும்.

எதிர்வீட்டு வெண்ணிலா காலேஜ் படிப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லா அட்டையையும் ஒருமுறை வாசித்து, அர்த்தமும் சொல்லிவிட்டுப் போனாள். அதை எப்படி நினைவில் வைப்பது? திருபுவனை சோப்புக் கம்பெனியில் பேக்கிங்கில் நிற்கிறவளுக்கு அது ஒன்றும் புதிய சங்கடம் இல்லை. அங்கே பெட்டியில் அச்சடித்திருப்பதை அவள் படித்ததே கிடையாது. சிவப்பு டேப் ஒட்டியது ஒரு லாரிக்கு, நீல டேப் ஒட்டியது இன்னொரு லாரிக்கு. இத்தனை வருடத்தில் ஒரு பெட்டிகூட இடம் மாறிப் போனதில்லை.

அதேபோல அட்டைகளின் மூலையில் பால்பேனாவால் ஒரு சின்ன அடையாளம். தமிழ் இல்லையே, மிஸ் சொல்லைத் தட்டியதாகாது. 'தி' என்ற சொல் எல்லாவற்றுக்கும் முன்னால் வருமாம். ஜெபத்துக்கு முன் போடுவதுபோல அதற்கு ஒரு சிலுவை. 'செட்' என்றால் சொன்னான். அதற்கு ஒரு வாய். 'தே' என்றால் அவர்கள். அதற்கு மூன்று புள்ளி. 'கோ' என்றால் போ. அதற்கு ஒரு சக்கரம்.

கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் அடுப்பில் உலை வைப்பாள். அது கொதிக்கிறவரை அட்டைகள். மூலக்குளத்தில் லோடு வண்டி ஓட்டும் கணவன் அருண் சேவியர் வந்து எட்டிப்பார்த்து, "பரீட்ச புள்ளைக்கா, உனுக்காடி? இந்தக் கத்து கத்துற," என்பான். அவளும் விடமாட்டாள். "ஒனக்கும் ஒரு பெஞ்சு போட்டுத் தரேன், வந்து குந்து," என்பாள். கிறிஸ்துமஸுக்குள் அம்மா அட்டையைக் காட்டி முடிக்குமுன் ரோஸியின் வாயில் சொல் வந்துவிட்டது. ஒருநாள் அருண் சேவியர் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அட்டையைக் கொடுத்து அவளைக் கேட்கச் சொன்னான். அந்த நாட்களில் மரிய சுகந்தியின் கை சோப்பை அடுக்கும்போது வாய் தி, செட், தே என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். யாரோ எங்கோ எழுதிவைத்த கதைகளின் கதவை மகளுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் திறந்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றும்.

இப்போது அவள் கைப்பையிலிருந்து பழைய அட்டைக்கட்டை எடுத்து நீட்டினாள். ரப்பர் பேண்டு போட்டு, ஓரமெல்லாம் எண்ணெய் ஏறியிருந்தது.

"இதக் காட்டிக் கேளுங்க மிஸ்."

மிஸ் காட்டினார். ரோஸிக்கு உயிர் வந்துவிட்டது. தி. செட். தே. கோ. மிஸ் அட்டையைப் புரட்டும் வேகம் போதவில்லை அவளுக்கு. மரிய சுகந்தி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பார்த்தீர்களா என்று கேட்க வாயெடுத்தபோது மிஸ்ஸின் கை நின்றது. குழந்தையின் கண் எங்கே போகிறது என்பதை அவர் கவனித்துவிட்டார்.

மிஸ் முதல் அட்டையை மறுபடி எடுத்தார். அதன் மூலையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு காட்டினார்.

ரோஸி உடம்பைச் சாய்த்து அந்த விரலுக்குப் பின்னால் பார்க்க முயன்றாள்.

மரிய சுகந்தியும் அந்த அட்டையையே பார்த்தாள். பெரிதாகக் கருப்பில் மூன்று எழுத்து. இத்தனை மாதமாகத் தினமும் தன் கையில் பிடித்திருந்த சொல். அது என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை.

மிஸ் விரலை எடுத்தார். சிலுவை. "தி," என்றாள் ரோஸி, சந்தோஷமாக.

 மரிய சுகந்தி அடையாளம் போட்ட கதையைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள், டேப் விஷயத்தையும் சேர்த்து. மிஸ் திட்டியிருந்தால் தேவலை.

"உங்க மேல தப்பு இல்ல ரோஸியம்மா. ஆனா நான் சிஸ்டர்கிட்ட இன்னான்னு சொல்லட்டும்? இவ ஒரு வார்த்தகூடப் படிக்கலியே."

புதிய அட்டைக்கட்டை அவர்களிடமே கொடுத்தனுப்பினார். அடுத்த வருடத்துக்கு ஆகும் என்றார். அந்தச் சொல்லிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பஸ் நிறுத்தத் திண்ணையில் உட்கார்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. வீட்டில் அருண் சேவியர் காத்திருப்பான். தெருவே கேட்ட பிள்ளையாயிற்றே. வழியெல்லாம் கடைப் பலகைகள், வண்டிகளின் முதுகு, சுவர்கள், எங்கும் எழுத்து. ஒன்றிலும் மூலையில் அடையாளம் இல்லை. இத்தனை பெரிய உலகத்தை மகளுக்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருந்தது தன் கைதான் என்று அவளுக்குப் பட்டது. இன்னொரு வருடம் இருக்கிறது. அந்த வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுக்க இருப்பதும் இதே கைதான்.

ரோஸி புதிய அட்டைகளில் மேலே இருந்ததை உருவினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் பைக்குள் கைவிட்டுத் துழாவி, பால்பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, அட்டையோடு சேர்த்து அவள் மடியில் வைத்தாள்.

"அம்மா, இதுல ஒண்ணுமே இல்ல. சிலுவ போட்டுக் குடும்மா."