மூட்டு போட்ட கையெழுத்து

இடுப்பு மூட்டை மாற்றுவதற்குப் பழைய மூட்டின் கையெழுத்து வேண்டும். சவரிராயனின் வலது மூட்டு கையெழுத்துப் போட மறுத்துவிட்டது.

முப்பத்தொரு வருடம் திருநெல்வேலி–பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தே தேய்ந்த மூட்டு. இப்போது கழிப்பறைக்குப் போகக்கூட மனைவி அமலோற்பவத்தின் தோள் வேண்டியிருந்தது.

டாக்டர் ஷகீலா நாற்காலியை இழுத்துப் போட்டு மூட்டுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தக் காலத்தில் உங்களை யாரும் கேட்டதே இல்லை. யானைத் தந்தத்தில் செய்து வைத்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. பிறகு எஃகு வந்தது. இப்போது பீங்கான் உருண்டை, கம்ப்யூட்டரே அளவெடுக்கிறது. இவரை மறுநாளே நடக்க வைத்துவிடுவோம்."

"எல்லாம் சரிதாம்மா," என்றது மூட்டு. "படுத்த படுக்கையா என்னைய அனுப்பிராதீங்க. ஒரே ஒரு தடவ, நின்னுக்கிட்டே பாபநாசம் வரைக்கும் போகணும்."

இரண்டு நிமிடம் நிற்பதே சவரிராயனுக்கு உயிர் போகிற வலி. கண்ணை மூடித் திறந்தார்.

"போவோம்," என்றார்.

மறுநாள் காலை திருநெல்வேலியில் ஏறினார்கள். பஸ் பாதி காலி. கண்டக்டர் மூட்டுக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். சவரிராயன் நின்றார்; அவர் நிற்கிறாரே என்று அமலோற்பவமும் நின்றாள். வீரவநல்லூர் வளைவில் அவர் கண்ணில் நீர் முட்டியது. அப்போதும் கம்பியைப் பிடிக்கவில்லை. கல்லிடைக்குறிச்சி வந்ததும் வாய் தானாக ஊர்ப் பெயரைக் கூவியது. நாலு பேர் இறங்கினார்கள்.

பாபநாசத்தில் ஆற்றுச் சத்தம் கேட்டது.

"ஒன்னைய ரொம்ப நிக்க வச்சிட்டேன்," என்றார் சவரிராயன்.

"நீரு மட்டும் உக்காந்தா இருந்தீரு?" என்ற மூட்டு, சம்மதத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டது.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. மறுநாள் நடைச்சட்டத்தைப் பிடித்து வாசல்வரை நடந்தார். அமலோற்பவம் தன் தோளைத் தடவிக்கொண்டு பார்த்து நின்றாள்.

"வலது கால் அரை விரற்கடை நீண்டுவிட்டது. கவலைப்படாதீர்கள், உங்கள் ஊருக்குச் சொல்லியாகிவிட்டது," என்றார் டாக்டர்.

ஆறாம் நாள் வீடு திரும்பினார். தெருவின் வலது பக்கம் அரை விரற்கடை தாழ்ந்திருந்தது. சவரிராயன் கோணாமல் நடந்தார். எதிரே வந்தவர்கள் லேசாகச் சாய்ந்தபடி நலம் விசாரித்தார்கள். தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். தெருவும் மெல்ல மறுபக்கம் சாய்ந்தது. எதிர்வீட்டுச் சொர்ணம் தண்ணீர்க் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.