முகப்பில் வைத்த கதை

பூந்தமல்லியில் வெப் டிசைன் படித்துக்கொண்டிருந்தாள் ஜஹானாரா. பயிற்சிக்காக ஓர் இணையதளம் செய்யச் சொன்னதும், மறைந்த தன் பிரியமான எழுத்தாளர் நெடுங்கிள்ளிக்கே செய்தாள். இப்போது அச்சில் கிடைக்காத அவருடைய கதைகளைத் தானே தட்டச்சு செய்து ஏற்றினாள். தன்னை மிகவும் அழவைத்த கதையை முகப்பில் வைத்தாள். தாயின் கவனக்குறைவால் ஒரு குழந்தை செம்பரம்பாக்கம் ஏரியில் மூழ்கிப்போகும் கதை அது. வாட்ஸ்அப்பில் பலரும் அதை நகலெடுத்துப் பகிர்ந்தார்கள்.

ஒரு மதியம், தளத்தில் கொடுத்திருந்த எண்ணுக்கு ஒரு பெண் பேசினார்.

“நான் நாகவல்லி. நெமிலிச்சேரில கீறேன். அந்தக் கதை எழுதுனவரோட சம்சாரம்.”

“அம்மா, நீங்களா!” ஜஹானாரா சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டாள்.

“கொயந்தைய ஏரிக்கு இட்டுகினு போனது அவருதாம்மா. நான் ஊட்ல சமைச்சிகினு இருந்தேன். கரையில குந்திகினு எழுதுனவரு கொயந்தைய பாக்கல. அப்பால என் மேல பழியப் போட்டு கதையாக்கிட்டாரு. தெருவே நம்பிச்சு. முப்பது வருசத்துல எல்லாம் மறந்துட்டாங்க. இப்போ பக்கத்து ஊட்டுப் பொண்ணு போன்ல காட்டி, ‘இது நீங்களா ஆன்ட்டி’ன்னு கேக்குது.”

“எடுத்துடுறேம்மா” என்றாள் ஜஹானாரா.

கதையை நீக்கினாள். பிறகு தளத்தையும் நீக்கினாள். பயிற்சி மையத்தில் கேட்டபோது, செய்யவில்லை என்றாள்.

இரண்டு நாள் கழித்து, கூடப் படிக்கும் விஜி அதே கதையை வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பியிருந்தாள். கீழே, ‘இப்படியும் ஒரு அம்மாவா?’ என்று எழுதியிருந்தது.