சேவுகன் கொண்டுவந்த பூட்டு

வாட்சப் செய்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. "புதன்கிழமை பத்து மணிக்குள் கடையையும் மேல்வீட்டையும் காலி செய்யவும். தவறினால் பூட்டுப் போடப்படும். இப்படிக்கு, சேவுகன்."

ரமணி அதை மூன்று தடவை படித்துவிட்டு, கைப்பேசியைத் துணி வெட்டும் மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

கிள்ளான் நகரின் லிட்டில் இந்தியாவில், கடைவரிசையின் கோடியில், பதினான்கு வருடமாக ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள் அவள். கீழே கடை, மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே ஒப்பந்தம். கொரோனா வந்த வருடம் கல்யாணங்கள் நின்றுபோயின. கல்யாணம் இல்லாத ஊரில் பட்டு ரவிக்கை எதற்கு? தீபாவளிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் பொங்கலுக்கு முதல் நாள் மறுபடியும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, தையல்கடை எதுவும் திறக்கக் கூடாது என்றாகிவிட்டது. கணவன் தம்புசாமி ஓட்டிய பள்ளிப் பேருந்தும் ஷெட்டில் கிடந்தது. ஐந்து மாதமாகப் பாதி வாடகைதான் அனுப்ப முடிந்தது.

"மேருவுல எங்க அண்ணன் வீட்டுல ஒரு ரூம் இருக்கு," என்றார் தம்புசாமி. "பேசாம போயிடலாம், ரமணி. சண்டை போட்டு நமக்கு ஆகாது."

"மெஷினையெல்லாம் எங்க வைக்கிறது?"

"வித்துடலாம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்கு மெஷின்களில் முதலாவதை அவள் வாங்கியபோது கழுத்துச் சங்கிலியை அடகு வைத்திருந்தாள். விற்பது என்ற பேச்சைக் கேட்ட பிறகுதான் அவளுக்குக் கோபமே வந்தது. கோபம் வந்ததும் மூளை வேலை செய்தது.

இலவசச் சட்ட உதவிக்கு என்று யாரோ அனுப்பி வைத்திருந்த ஓர் எண்ணை அழைத்தாள். எதிர்முனையில் சுபா என்ற இளம் வழக்கறிஞர். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆன்டி, முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. நீங்க உள்ள இருக்கும்போது கோர்ட் ஆர்டர் இல்லாம யாரும் பூட்ட முடியாது. வாடகை பாக்கி இருந்தாலும் சரி, அக்ரிமென்ட் முடிஞ்சிருந்தாலும் சரி."

"ஓனரே வந்தாலுமா?"

"ஓனரே வந்தாலும்தான். நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் எழுதி வெச்சிடுங்க. மெசேஜ பிரின்ட் எடுத்துக் காட்டுங்க."

பிறகு சுபா இன்னொன்றும் கேட்டார். கடை பதிவு செய்ததா? ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கிறதா? இரண்டுக்கும் ரமணி ஆமாம் என்றாள். ஒப்பந்தம் போட்ட வருடம், வாடகை வாங்க வரும் சேவுகன் 'அதெல்லாம் வேணாம் லா' என்று சொல்லியும் கேட்காமல், அவளே வரி அலுவலகத்துக்குப் பேருந்து ஏறிப் போய், தன் காசில் முத்திரை போட்டு வந்திருந்தாள். அளவு எடுக்காமல் துணியில் கத்தரி வைக்காதவள் அவள்.

"சூப்பர், ஆன்டி! அப்படின்னா உங்க ஓனருக்கே லாபமான ஒரு வழி இருக்கு," என்றார் சுபா. சிறு வியாபாரிகளுக்குக் கடை வாடகையை முப்பது விழுக்காடாவது குறைத்தால், குறைத்த அளவுக்கு உரிமையாளருக்கு வருமான வரியில் தனிக் கழிவு உண்டு. அரசாங்கம் கொரோனாவுக்காகக் கொண்டுவந்த சலுகை. ரமணி ஒரு பழைய அளவுநோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சேவுகன் வந்துவிட்டார். கடைவரிசைக்குச் சொந்தக்காரரான நாகம்மை ஆச்சியின் அண்ணன் மகன் அவர். வாடகை வசூல் எல்லாம் அவர் கையில். கூடவே பூட்டு வேலை செய்யும் ஒரு சீனர், கையில் தடித்த சங்கிலியோடு நின்றார்.

மேல்வீட்டுக்குப் போகும் படிக்கட்டின் வாசலில் ரமணி நின்றாள். மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவரி, நல்ல சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. பின்னால் நான்காவது படியில் தம்புசாமி.

"நகரு, ரமணி. நான் சொன்ன நாள் வந்தாச்சு."

"கோர்ட் ஆர்டர் இருக்கா, அண்ணே?"

"என்னது?"

"கோர்ட் ஆர்டர். இருந்தா காட்டுங்க, இப்பவே இறங்கிடறேன். இல்லாம பூட்டுனா அது உங்களுக்குத்தான் கேஸாகும்."

"எனக்கே சட்டம் சொல்லித் தரியா நீ? வாடகை கட்ட வக்கில்ல..."

"பாதி கட்டியிருக்கேன். மாசாமாசம். ரசீது இருக்கு," என்று கோப்பைத் தட்டினாள். குரல் நடுங்கவில்லை.

'கோர்ட்' என்ற சொல் காதில் விழுந்ததும் பூட்டுக்காரர் சங்கிலியைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து இரண்டு போலீஸ்காரர்கள் தெருமுனைச் சாலைத் தடுப்பிலிருந்து நடந்து வந்தார்கள். ரமணி திங்கட்கிழமை எழுதிக் கொடுத்த புகாரின் எண் அவர்களிடம் இருந்தது.

நீதிமன்றக் கடிதம் இருக்கிறதா என்று மூத்த போலீஸ்காரர் மலாயில் கேட்டார். இல்லை. அப்படியானால் பூட்டக் கூடாது என்றார். பிறகு சேவுகனின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார். முகவரி பிரிக்ஃபீல்ட்ஸ், முப்பது கிலோமீட்டர் தள்ளி. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் யாரும் போகக் கூடாத நேரம் அது. கிள்ளானுக்கு எப்படி வந்தீர்கள்?

சேவுகன் ஒரு கடிதத்தை நீட்டினார். சமையல் எண்ணெய் விநியோகம் செய்வதற்கான அனுமதி.

"எண்ணெய் எங்கே?" என்றார் போலீஸ்காரர்.

எதிர்க்கடை மாடி ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். சேவுகனுக்கு அங்கேயே ஆயிரம் ரிங்கிட் அபராதச் சம்மன் எழுதப்பட்டது. அவர் கார் கிளம்பிப் போனதும் தம்புசாமி நான்கு படியும் இறங்கி வந்து மனைவியைப் பார்த்தார். முப்பது வருடமாகப் பார்த்த முகம்தான்.

"எனக்குக் கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு," என்றார். "உனக்கு எப்படிம்மா வந்துச்சு இந்தத் தைரியம்?"

"அப்புறம் சொல்றேன். வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு."

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் நாகம்மை ஆச்சியின் வீட்டுத் தொலைபேசி எண் இருந்தது. ரமணி இதுவரை அதை அழைத்ததே இல்லை. அன்று மதியம் அழைத்தாள்.

"சேவுகனுக்குச் சம்மன் வாங்கிக் கொடுத்தவ நீதானா?" என்றது கணீர்க் குரல்.

"நான் வாங்கிக் கொடுக்கல, ஆச்சி. அவரே காரெடுத்துட்டு வந்து வாங்கிக்கிட்டாரு."

"சரி, என்ன வேணும் சொல்லு."

"இப்ப என்னைக் காலி பண்ணுனா இந்தக் கடைக்கு யாரு வருவா, ஆச்சி? வரிசையில ரெண்டு கடை ஏற்கனவே காலி. வாடகையைப் பாதியா குறைச்சீங்கன்னா உங்களுக்கு வரியில கழிவு கிடைக்கும். நான் கட்டாத பாதியையே குறைச்சதா வெச்சுக்கலாம். ஜூன் வரைக்கும் அப்படியே போகட்டும். அதுக்கப்புறம் முழுசா கட்டறேன்."

"இது உனக்கு யாரு சொன்னா?"

"ஒரு லாயர் சொன்னாங்க. நானும் படிச்சுப் பார்த்தேன்."

"எழுத்துல அனுப்பு. என் ஆடிட்டர் பார்க்கட்டும். வாய்ப்பேச்சு எனக்கு ஆகாது."

"எனக்கும் ஆகாது, ஆச்சி," என்றாள் ரமணி.

கடிதம் எழுத இரண்டு நாள் பிடித்தது. சுபா கைப்பேசியிலேயே படித்துத் திருத்திக் கொடுத்தார். கடைப் பதிவு, முத்திரையிட்ட ஒப்பந்தம், ரசீதுகள் என்று எல்லாவற்றையும் தம்புசாமி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தார். அந்தக் கோப்பை இப்போது அவர்தான் பத்திரப்படுத்தினார். மேரு பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஆச்சியே அழைத்தார். "நீ சொன்னது சரிதான். ஆடிட்டர் பார்த்துட்டார். பழைய பாக்கி கிடையாது. ஜூன் வரைக்கும் பாதி." பிறகு குரலைத் தாழ்த்தி, "வரிசையில காலியானது போக ஏழு கடை இருக்கு. எல்லாருக்கும் குறைச்சா எனக்கு எவ்வளவு வரி மிச்சமாகும்னு ஆடிட்டர் கணக்குப் போட்டார். ஆனா முத்திரை இல்லாம கழிவு கிடையாதாம், உன் பத்திரம் ஒண்ணுதான் முத்திரை போட்டிருக்கு. மத்ததெல்லாம் சேவுகன் பீரோவுல தூங்குது."

அதற்கடுத்த வாரம், ஆச்சி அனுப்பிய கட்டளைப்படி, சேவுகன் வரிசையிலிருந்த ஒவ்வொரு கடைக்காரருக்கும் போன் செய்து, முத்திரை போட்டுத் தருவதாகவும் வாடகை குறையும் என்றும் தானே சொல்ல வேண்டியிருந்தது. பூமாலைக் கடை தாமரை அதைக் கேட்டுவிட்டுப் படியேறி ஓடிவந்து, இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்பதையும் மறந்து, ரமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நேத்துதான் சாமான் கட்ட ஆரம்பிச்சேன். பெட்டி எல்லாம் வாங்கிட்டேன், அக்கா!"

"கட்டுனதை அவுத்துப் போடு," என்றாள் ரமணி.

தையல்கடைகளைத் திறக்கலாம் என்று அறிவிப்பு வந்த அன்று காலை, அந்த ஏழு கடைகளில் ஒன்றுகூட மூடியிருக்கவில்லை. ஏற்கனவே காலியாகக் கிடந்த மற்ற இரண்டுக்கும் ஆள் பார்க்கும் பொறுப்பை ஆச்சி ரமணியிடமே கொடுத்திருந்தார். தம்புசாமி ஷட்டரைத் தள்ளி ஏற்றினார். ரமணி நான்கு மெஷினுக்கும் எண்ணெய் விட்டு, வாசலுக்கு நேராக இருந்ததில் உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி அதை ஓட்டினாள்.