பச்சை வெளிச்சத்தில் மகாராணி

"அசையாம இருக்கா பாரு. இன்னிக்கு என்னமோ நல்ல மூட்ல இருக்கா" என்றாள் அக்கா. இருட்டறையில், புற ஊதா விளக்கின் அடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் தேள் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. சாதாரண வெளிச்சத்தில் அது கருகிய ரொட்டி நிறம், ஒரு மண்ணும் தெரியாது. இந்த விளக்கைப் போட்டால்தான் முதுகின் முகடுகளும், இடுக்கிகளில் வரிசைகட்டி நிற்கும் குட்டிக் குட்டிப் புடைப்புகளும் துல்லியமாகத் தெரியும். அக்கா அவற்றை ஆராய்கிறாள், நான் படம் பிடிக்கிறேன். தங்கை என்பதால் திட்டு மட்டும் கூடுதல்.

ஒரே வயிற்றில் பிறந்த குட்டிகளில் மிஞ்சியது இந்த மகாராணி ஒருத்திதான். தோல் உரிக்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு போய்ச் சேர்ந்தன. இவள் கடைசித் தோலையும் உரித்துப் பெரியவளாகிவிட்டால், குட்டியிலிருந்து கடைசிவரை ஒரே தேளின் மேல்தோல் எப்படி மாறுகிறது என்ற அக்காவின் ஆராய்ச்சி முடிந்துவிடும். இல்லையென்றால் இத்தனை வருட உழைப்பும் அம்பேல். தன் பிறந்தநாளை மறக்கிறவள் தேளின் பிறந்தநாளை மறப்பதில்லை என்று அத்தான் புலம்புவார். பாவம், அவருக்கு அதற்குமேல் உரிமையில்லை.

அன்று ஒரு படம் விடாமல் எல்லாமே அருமையாக வந்தது. வால் மட்டும் இடுக்கியை மறைத்துக் கிடந்தது. தூரிகையால் லேசாக நகர்த்தினேன். வால் தூரிகையோடு வந்துவிட்டது.

"அக்கா, வால் வந்துடுச்சு" என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீ வேணும்னேவா செஞ்ச? விடு" என்றாள். நானோ ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தேன்.

அக்கா தடவித் தடவி அறை விளக்கைப் போட்டாள். குனிந்து பார்த்தாள், இன்னும் குனிந்தாள். தேளின் தலைப்பக்கம் பிளந்திருந்தது, உள்ளே காலி.

"அடியே, இது வெறும் உரிச்ச சட்டைடி!"

மூலையிலிருந்த மரப்பட்டையைத் தூக்கினால், அடியில் பால் வெள்ளையாக மகாராணி. புதுத்தோல் இறுகும்வரை தேள் ஒளிராது என்று வருடாவருடம் பாடம் நடத்துகிறவள் அக்கா. காலையிலிருந்து அவள் கொஞ்சியதும் நான் படம் பிடித்ததும் காலிச் சட்டையை. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அக்காதான் முதலில் நிறுத்தினாள்.

"அசையலையே."

அந்த இளந்தோலைத் தொடக் கூடாது. வெளிச்சமும் அவளுக்கு ஆகாது. அக்கா பட்டையை முழுக்க எடுத்துவிட்டு, விளக்கை அணைத்துப் பழையபடி புற ஊதாவைப் போட்டாள். சட்டை மட்டும் பச்சையாக மின்னியது. மகாராணி இருந்த இடம் கும்மிருட்டு. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், வலித்தது.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு, ஒளிர்ந்துகொண்டிருந்த சட்டையின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. இருட்டு, ஒவ்வொரு காலாய் எடுத்து வைத்து, அந்தப் பச்சையின் மேல் ஏறியது.