நாலாவது குரல்

தம்பியின் கையுறையை அக்கா பல்லால் கடித்து இழுத்தாள். குளிரில் அவளுடைய விரல்களும் மரத்துப்போயிருந்தன. உள்ளே அவன் கை நனைந்த கல்லாய்ச் சில்லிட்டிருந்தது. அதைத் தன் சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"டேய், கண்ணைத் திற. அக்காடா."

அவன் கண்ணைத் திறந்தான். ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் மீசை அவனோடு ஒட்டிப் படுத்திருந்தான். முடிவெட்டும் கடைக்காரன், மீசையைத் தவிர அவனுக்கு வேறு பெயர் நிலைக்கவில்லை. மூவர் மேலும் ஒரே ஒரு வெள்ளித்தாள் போர்வை காற்றில் படபடத்தது. கேப்டன் ஸ்ட்ரெச்சர் கொண்டுவரக் கீழே ஓடியிருந்தார். மருந்துக்கடை வைத்திருக்கும் அவர்தான் இந்த நாலு பேரையும் இரவு மலை ஓட்டத்துக்குச் சேர்த்தவர், சட்டதிட்டமும் போட்டவர்.

அதில் ஒன்றுதான் முக்கியம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று வரிசையாக எண் சொல்ல வேண்டும். கேப்டன் ஒண்ணு, மீசை ரெண்டு, அக்கா மூணு, தம்பி நாலு. நாலு காதில் விழுந்தால்தான் கால் நகர வேண்டும்.

தம்பிக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். லிப்ட் மெக்கானிக். "நாள் முழுக்க மேல போறேன், கீழ வர்றேன், காலுக்கு மட்டும் வேலையே இல்லக்கா" என்பான். அதனால் அக்காவும் தம்பியும் தங்களுக்குள் ஒரு கள்ளத்தனம் வைத்திருந்தார்கள். எண் சொல்ல மூச்சில்லாதபோது அவன் அவள் முதுகுப்பையைத் தட்டுவான். அவள் மூணு சொல்லிவிட்டு, கொஞ்சம் தடித்த குரலில் நாலும் சொல்லிவிடுவாள். கேப்டனுக்கு ஒருநாளும் பிடிபடவில்லை. இருவருக்கும் அதில் ஒரே சிரிப்பு.

நேற்று ஓடைத் திருப்பத்தில் மழை சாய்த்து அடித்தது. பையில் ஏதோ தட்டியது. அவள் நாலு சொல்லிவிட்டாள். மேலே போய் அவன் இல்லை என்று தெரிந்த பிறகுதான், பையின் வார் அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். திரும்பி ஒவ்வொரு தலையாகப் பார்க்காமல் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. நேற்றிரவு மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓடைகிட்ட நாலு சொன்னானே, அதுக்கு மேலதான் எங்கயாவது இருப்பான்," என்றார் கேப்டன். போனில் சிக்னல் இல்லை. இவர்களுக்குப் பின்னால் வரவும் வேறு ஆள் இல்லை. மூவரும் ஓடைக்கு மேலே புதர் புதராகத் தேடினார்கள். அவளுக்கு உண்மை வாய்வரை வந்தது. அடுத்த பாறைக்குப் பின்னால் கிடைத்துவிடுவான், சொல்லவேண்டியே வராது என்று விழுங்கினாள். விழுங்கி விழுங்கியே வானம் வெளுத்துவிட்டது.

"கேப்டன்... நாலு சொன்னது நான்தான்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டாமல் கீழே பார்த்து ஓடினார், மற்ற இருவரும் பின்னாலேயே. ஓடைக்குக் கீழ்ப்பக்கம், தடத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி, கணுக்கால் பிசகிக் கிடந்தான் தம்பி. மழைச் சத்தத்தில் இவர்களுக்கு எட்டாத விசில் இன்னும் வாயிலேயே இருந்தது.

"மீசை, உன் பையில இருக்கிற மிட்டாயை அவன் வாயில வைடா."

"முழுங்க மாட்டேங்கிறான்க்கா."

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். மூக்கைப் புடிச்சாத்தான் முழுங்குவான்." அவள் சிரித்தாள். மீசை சிரிக்கவில்லை.

தம்பியின் உதடு அசைந்தது. அவள் காதை வைத்தாள்.

"கேட்டுச்சுக்கா," என்றான். "மேலேர்ந்து... நாலு."

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் துளிக் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "என்னைத் திட்டுடா, எந்திரிச்சுத் திட்டுடா," என்று அவனை உலுக்கினாள். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

ஸ்ட்ரெச்சரோடு வந்த நர்ஸ் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். வியர்க்க வியர்க்க அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். அவன் கையை அக்குளிலிருந்து எடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. கேப்டன்தான் மெதுவாகப் பிரித்தெடுத்தார்.

"அம்மாகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன் கேப்டன்?"

"சேர்ந்து போவோம்மா. தனியா யாரும் போகவேண்டாம்."

இறங்கினார்கள். மீசையும் வந்த ஆட்களும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டார்கள். அக்கா அதற்கு முன்னால் நடந்தாள். முதல் திருப்பம் வந்ததும் கேப்டனின் கால் தானாக நின்றது. "ஒண்ணு," என்று வாய் சொல்லிவிட்டது. சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சரின் பிடியை இறுக்கிக்கொண்டு, "ரெண்டு," என்றான் மீசை.

"மூணு."

அவள் திரும்பினாள். வெள்ளித்தாள், கட்டியிருந்த பட்டைகள், சேறு காயாத அவன் ஷூ, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஷூவின் மேல் கையை வைத்தாள். தடித்த குரல் வரவில்லை.

"நாலு," என்றாள், தன் குரலிலேயே.

அதன்பிறகு எல்லோரும் நடந்தார்கள்.